ஓருயிருக்கு இரு பெயர்

மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில், சின்னக் கதிர்காமம் என்று அடியார்கள் போற்றும் முருகன் கோயிலைக் கொண்டு விளங்குவது மண்டூர். எழுவான்கரையிலுள்ள குருமண்வெளித் துறையிலிருந்து பாதையேறி வாவியைக் கடந்து நெடுங்காலமாக மக்கள் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றனர். கரையிறங்கும்போது காலில் ஒட்டும் சேற்றைக் கழுவிவிட்டுக் கோயிலை நோக்கி நடப்பது வழக்கம். கழுவிய அச்சேற்றைப் பொருட்படுத்துவார் இலர். பாடும் மீனால் பெயர்பெற்ற வாவியின் அடியில், பாடாமலும் பேசாமலும் வாழும் சிற்றுயிர்களை யார்தாம் எண்ணிப் பார்ப்பர்?

கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் உவர்நீர்க் களப்புக்களின் சேற்றிலும், அவற்றை அடுத்த கடலின் அடித்தரையிலும், உலகெங்கும் வாழ்வது போராமினிபெரா என்னும் உயிர்க்கூட்டம். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குத் துளைதாங்கி என்பது பொருள். ஒரே கலத்தாலான உயிர் அது. வாயில்லை, வயிறில்லை, கண்ணில்லை. ஆயினும் தனக்கென ஓர் ஓடு கட்டிக்கொள்கின்றது. பெரும்பாலான இனங்களில் அவ்வோடு சுண்ணாம்பாலானது. சிலவற்றில் மணற்றுகள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சமைத்தது. மணலில் ஒரு மணல்போல் கிடக்கும் இதனை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்த்தால், சங்கு போன்றும், சக்கரம் போன்றும், விண்மீன் போன்றும், பின்னிய சடை போன்றும் வடிவங்கள் தோன்றும். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாக இவ்வுயிர்கள் கடலில் வாழ்ந்து வருகின்றன.

இவ்வுயிர் எவ்வாறு வளர்கின்றது, எவ்வாறு இனம் பெருக்குகின்றது என்னும் வினாவுக்கு விடை கிடைத்த வரலாறு சுவையானது. ஓட்டை மட்டும் பார்த்துப் பெயரிட்ட அறிஞர்கள் ஓர் உயிருக்கே இரு பெயர்களை வழங்கிவிட்டனர். பாட்டியும் பேத்தியும் ஒரு பெயரிலும், இடையிலுள்ள தாய் வேறொரு பெயரிலும் ஏட்டிலேறிய விந்தை அது.

பழைய காலத்திலிருந்தே தொடங்கலாம். கிரேக்க நாட்டுப் புவியியலறிஞர் ஸ்திராபோ, எகிப்தின் பிரமிட்டுக்களின் அருகே குவிந்து கிடந்த கற்சிதறல்களில் பருப்பு வடிவமான சிறு கற்களைக் கண்டு எழுதிவைத்தார். பிரமிட்டுக்களைக் கட்டிய வேலையாட்கள் உண்டு மிஞ்சிய உணவு கல்லாய் உறைந்துவிட்டது என்று அங்குள்ளோர் கூறினராம்.  தம் சொந்த ஊரின் பக்கத்துக் குன்றொன்றிலும் அத்தகைய கற்கள் உள்ளன என்றும் ஸ்திராபோ குறித்துவைத்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த அக்குறிப்பு பாராட்டத்தக்கது. அக்கற்கள் நாணயக்கல் எனப் பொருள்படும் நுமுலைற்று என்னும் போராமினிபெராவின் ஓடுகளே. சிற்றுயிர் என்ற சொல்லுக்கு அவை விலக்கு. ஒற்றைக் கலமே ஆயினும் சில சென்ரிமீற்றர் அகலம்வரை வளர்ந்தவை அவற்றுள் உண்டு.

நுணுக்குக்காட்டி வந்தபின் இத்தாலிய நாட்டார் இத்துறையில் முந்திக்கொண்டனர். பொலோஞ்ஞா நகரத்து பெக்காரி 1731 இல் மணலிலிருந்து இவ்வோடுகளைப் பொறுக்கி ஆராய்ந்தார். ரிமினி நகரத்துப் பியாங்கி 1739 இல் தம் ஊர்க் கடற்கரை மணலிற் கண்டவற்றைப் படமெழுதி வெளியிட்டார். சுவீடன் நாட்டு லின்னேயசு 1758 இல் பெக்காரியின் பெயரையே ஒன்றுக்குச் சூட்டினார். ஆனால் அவர் அதனைச் சேர்த்தது நோட்டிலசு என்னும் கடல்வாழ் உயிரின் குலத்தில். நோட்டிலசு கணவாய்க்கு உறவானது. அறையறையாய்ச் சுருண்ட ஓடுடையது. மணலிற் கிடைத்த ஓடும் அறையறையாய்ச் சுருண்டிருந்தது. ஓட்டை வைத்து உறவு கூறியதில் வியப்பில்லை.

அல்சீது தோர்பிஞ்ஞி என்னும் பிரான்சிய இளைஞரும் அவ்வழியே சென்றார். தந்தையார் மருத்துவர், கடற்கரையில் வளர்ந்த பிள்ளை. 1826 இல், இருபத்து நான்கு வயது நிரம்புமுன்னரே, இவ்வுயிர்களை வகைப்படுத்தி ஒரு பெரிய அட்டவணையை வெளியிட்டார். துளைதாங்கி என்னும் பெயர் அவர் இட்டதே. நோட்டிலசின் அறைகளினூடே ஒரு குழாய் செல்லும்; இவற்றிலோ அறைக்கும் அறைக்கும் இடையே துளை மட்டுமே உண்டு என்னும் வேற்றுமையை அவர் நன்கு கண்டார். கண்டும், இவை குறுகிய உருவமுள்ள கணவாய்க் குலமே என்று முடிவுகட்டினார். கண்ணால் காணமுடியாத இவ்வோடுகளின் வடிவத்தை மக்கள் அறியவேண்டுமென்று சுண்ணச்சாந்தில் பெரிதாக உருவங்கள் வார்த்தும் தந்தார். அவர் உழைப்பு பெரிது. இவ்வுயிர்களின் பெயர்களைத் தேடுவோர் இன்றும் அவரிடமே தொடங்கவேண்டியிருக்கின்றது.

அவருடைய முடிவை மாற்றியவர் பீலிக்சு துசார்டின். இவரும் பிரான்சியரே. ஓட்டை விட்டு உள்ளேயிருப்பதை உயிரோடு பார்த்தவர் இவர். 1835 இல் இவர் கூறியது இதுதான்: உள்ளே கணவாயுமில்லை, நத்தையுமில்லை, உறுப்பென்று சொல்லத்தக்க எதுவுமில்லை; பிசின் போன்ற ஓர் உயிர்ப்பொருள் மட்டுமே உண்டு; அதுவே நூல்நூலாய் வெளியே நீண்டு இரை பிடிக்கின்றது. முதலுரு என்று இன்று பாடசாலை மாணவர் படிக்கும் பொருளை அறியும் வழியில் துசார்டினுடைய இக்கூற்று ஒரு பெரிய படி. அவருக்குரிய புகழ் முழுவதும் அவருக்குக் கிடைத்ததாகத் தோன்றவில்லை. வலைபோல் பின்னிப் பரவும் அந்த நூல்களைப் போலிப்பாதங்கள் என்பர். ஒரே நூலில் ஒரு பக்கம் துகள்கள் வெளிநோக்கி ஓட, மறுபக்கம் உள்நோக்கி ஓடிவரும். ஒற்றை வீதியில் இருவழிப் போக்குவரத்து நடப்பது போன்றது அக்காட்சி.

இனி வளர்ச்சியைக் காண்போம். நத்தையும் மட்டியும் ஓட்டின் விளிம்பைச் சிறிது சிறிதாக நீட்டி வளர்பவை. நண்டு பழைய ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது பூணும். போராமினிபெரா இரண்டையும் செய்வதில்லை. அறைக்குப்பின் அறையாகக் கட்டுகின்றது. இருக்கும் வீட்டை இடிக்காமல், குடும்பம் பெருகப் பெருகப் பக்கத்தில் ஓர் அறை இறக்கிக் கட்டிக்கொள்ளும் குடியானவனைப் போன்றது இதன் செய்கை. புதிய அறை எழுப்பும் வேளை வந்ததும் பல இனங்கள் உணவுத் தேடலை நிறுத்திவிடுகின்றன. அக்கம்பக்கத்துத் துகள்களையும் குப்பைகளையும் இழுத்துச் சேர்த்துத் தம்மைச் சூழ ஒரு வேலி அமைக்கின்றன. அவ்வேலியின் மறைவில், கடைசி அறையின் வாயிலினூடே முதலுரு வெளிவந்து, எழவேண்டிய அறையின் வடிவில் விரிந்து நிற்கும். அதன்மேல் மெல்லிய சவ்வு ஒன்று படியும். அச்சவ்வை அடித்தளமாகக் கொண்டு கடல்நீரிலிருந்து பெறும் சுண்ணாம்பு படிந்து சுவராகும். சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒருநாள் அளவில், வேலை முடிந்துவிடும். பின்னர் வேலி கலைந்து, போலிப்பாதங்கள் மீண்டும் இரைதேடப் புறப்படும்.

பழைய அறைகள் கைவிடப்படுவதில்லை. துளைகளின் வழியே முதலுரு எல்லா அறைகளிலும் புழங்கும். ஆகவே முதிர்ந்த ஓட்டை நடுவில் அறுத்துப் பார்த்தால், அவ்வுயிர் தன் வாழ்நாளின் முதல்நாளில் குடியிருந்த அறையையும் காணலாம். மனிதரின் குழந்தைப்பருவம் நினைவில் மட்டுமே எஞ்சுகின்றது. இதன் குழந்தைப்பருவமோ சுண்ணாம்பில் எழுதப்பட்டு ஓட்டின் நடுவே இருக்கின்றது. மேலே கூறிய குழப்பம் தீர்ந்ததும் இந்த முதலறையால்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுமுலைற்றுக் கற்களை ஆராய்ந்தோர் ஒரு விந்தையைக் கண்டனர். ஒரே பாறையில் இரண்டு இனங்கள் எப்பொழுதும் இணைபிரியாமல் கிடந்தன. ஒன்று பெரியது, மற்றது சிறியது. மற்றைய இலட்சணங்கள் எல்லாம் ஒத்திருந்தன. பெரியதை அறுத்தால் அதன் முதலறை மிக நுண்ணியதாக இருந்தது. சிறியதை அறுத்தால் முதலறை பருத்துக் காணப்பட்டது. பிரமிட்டுக் கல்லிலுள்ள பெரிய நுமுலைற்றுக்குக் கீசே ஊரின் பெயரால் கிசெகென்சிசு என்று பெயர். அதனோடு கிடக்கும் சிறியதற்குக் கர்விஸ்பிரா என்று பெயர். இவ்வாறு இணையிணையாகப் பெயர்கள் பெருகின.

இவை இரண்டு இனங்களல்ல, ஓரினத்தின் இரு வடிவங்களே என்று 1880 இல் துணிந்து கூறியவர் பாரிசு நகரத்து மூனியே சல்மா. சுலும்பர்சே என்பவரும் அவரோடு சேர்ந்து, வாழும் இனங்களிலும் இவ்விரு வடிவங்கள் உள்ளன என்று காட்டினார். ஆனால் ஏன் இரு வடிவம்? ஒன்று ஆண், மற்றது பெண் என்றனர் சிலர். கல்லாகிவிட்ட ஓட்டை எத்துணைமுறை அறுத்தாலும் அவ்வினாவுக்கு விடை வராது. சலஞ்சர் என்னும் பிரித்தானியக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிக் கொணர்ந்த போராமினிபெராக்களைப் பிராடி என்பவர் ஆராய்ந்து, 1884 இல் 115 படத்தகடுகளோடு ஒரு மாபெரும் நூலாக வெளியிட்டார். அழகிய நூல், இன்றும் ஆய்வாளர் கையாள்வது. எனினும் அதுவும் பெரும்பாலும் ஓடுகளின் நூலே.

விடை 1895 இல் வந்தது. இங்கிலாந்தில் ஒருவர், ஜெர்மனியில் ஒருவர், தனித்தனியே அதனைக் கண்டனர். ஜெர்மானியர் பிரிட்சு சௌடின். கிரந்தி என்னும் மேகநோயின் கிருமியை 1905 இல் ஹொப்மன் என்பவரோடு சேர்ந்து கண்டறிந்து உலகப் புகழ் பெற்று, அடுத்த ஆண்டே முப்பத்து நான்கு வயதில் மறைந்தவர். ஆங்கிலேயர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஜோசப் ஜக்சன் லிஸ்டர். அவருடைய பெரிய தந்தையார், அறுவைச் சிகிச்சையில் நச்சுக்கிருமி ஒழிக்கும் முறையைப் புகுத்திய லிஸ்டர் பிரபு. பாட்டனார் வைன் வாணிகர். வாணிகத்திடையே கண்ணாடி வில்லைகளை ஆராய்ந்து, நிறப்பிழையில்லாத நுணுக்குக்காட்டி வில்லைகள் அமைக்கும் முறையை 1830 இல் உலகுக்கு அளித்தவர். பாட்டனாரின் பெயரும் ஜோசப் ஜக்சன் லிஸ்டர் என்பதே.

லிஸ்டர் எடுத்துக்கொண்டது பொலிஸ்தொமெல்லா என்று அன்று வழங்கிய, இன்று எல்பிடியம் என்று பெயர்மாறிய, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவுள்ள ஓரினம். ஓட்டைக் கரைத்து, உள்ளிருந்த முதலுருவுக்குச் சாயமேற்றிப் பார்த்தபொழுது, நுண்ணிய முதலறை உள்ளவற்றில் பல கருக்களும், பருத்த முதலறை உள்ளவற்றில் பெரும்பாலும் ஒரே பெரிய கருவும் இருக்கக் கண்டார். பின்னர் உயிருள்ளவற்றை நீரில் வைத்துக் காத்திருந்தார். நுண்ணறை வடிவம் முதிர்ந்தபோது, அதன் முதலுரு முழுவதும் ஓட்டைவிட்டு வெளியே பெருகி, பல குஞ்சுகளாகப் பிரிந்தது. குஞ்சு ஒவ்வொன்றும் தன்னைச் சூழ ஓர் அறை கட்டிக்கொண்டது. அவ்வறையோ பருத்த அறை! தாயின் உடம்பில் எதுவும் மிஞ்சவில்லை. அது முற்றிலும் பிள்ளைகளாகிவிட்டது. எஞ்சியது வெற்றோடு. சாவு என்றால் இது சாவு. ஆனால் பிணமென்று ஒன்றில்லை.

அப்பருத்தறைப் பிள்ளைகள் வளர்ந்து முதிர்ந்தபொழுது வேறொன்று நிகழ்ந்தது. அவற்றின் கரு கணக்கற்ற சிறு கருக்களாகப் பிரிய, முதலுரு மிக நுண்ணிய நீந்தும் துகள்களாகி, ஆயிரமாயிரமாகக் கடலில் வெளிப்பட்டது. அவை புணரிகள். இருவேறு பெற்றோரின் புணரிகள் இரண்டிரண்டாய்க் கலந்து நுகமாகின்றன என்பது பின்னர் உறுதிப்பட்டது. புணரி நுண்ணியதாதலால் நுகமும் நுண்ணியது. ஆகவே அது கட்டும் முதலறையும் நுண்ணியது. இதிலிருந்து வளர்வதே நுண்ணறை வடிவம். ஆண் பெண் என்ற ஊகம் இவ்வாறு தவறாயிற்று. இரு வடிவங்களும் கணவனும் மனைவியுமல்ல, தாயும் பிள்ளையும்.

இங்கே தமிழர்க்கு உடனே நினைவுக்கு வரவேண்டிய சொல் ஒன்றுண்டு. பேரன் என்பது பெயரன் என்னும் சொல்லின் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். மகன் தந்தையின் பெயரைத் தாங்குவதில்லை. பேரனே பாட்டன் பெயரைத் தாங்குவான். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயர் மீளும். போராமினிபெராவில் பெயருக்குப் பதிலாக உருவம் மீளுகின்றது. பாடநூல்கள் இதனைச் சந்ததிப் பரிவிருத்தி என்று கூறும். பன்னத்திலும் பாசியிலும் தாவரவியலார் அறிந்திருந்த அம்முறை, ஓட்டுடைய இச்சிற்றுயிர்களிலும் தெளிவானது. அதனைக் கண்டவரும் பாட்டன் பெயர் பூண்ட ஒரு பேரனே.

லிஸ்டரின் ஆராய்ச்சி வெளிவந்து சில ஆண்டுகளில் நம் பகுதிக் கடலும் இவ்வரலாற்றில் இடம்பெற்றது. மன்னார்க் குடாவில் முத்துக்குளிப்பு பல ஆண்டுகள் நடைபெறாது போனமையால், காரணம் அறிய இலங்கை அரசாங்கம் லிவர்பூல் பேராசிரியர் ஹேட்மனை வரவழைத்தது. 1902 இல் அவர் வந்து, ஹோர்ணல் என்பவரின் துணையுடன் முத்துப்பார்களின் அடித்தரையை வாரியெடுத்து ஆராய்ந்தார். சிப்பியை நாடி வாரியவற்றுள் போராமினிபெராவும் வந்தன. 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த அறிக்கையின் இறுதிப் பாகத்தில் அவற்றைப் பற்றி எழுதியவர் டேக்கின் என்னும் இளைஞர். இவர் பின்னர் ஆஸ்திரேலியாவில் பேராசிரியராகி, அந்நாட்டு வானொலியில் விஞ்ஞானப் பேச்சுக்கள் நிகழ்த்திப் பெயர்பெற்றவர் என்பது வானொலி நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அக்குடாவின் மறுகரையில், பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் போராமினிபெராக்களைச் சென்னையைச் சேர்ந்த சி. பி. ஞானமுத்து ஆராய்ந்து, 1943 இல் சென்னை அரசாங்க நூதனசாலையின் வெளியீடாகத் தந்தார். தமிழ்க் கடலின் இவ்வுயிர்களை ஒரு தமிழர் விவரித்த நூல் என்ற வகையில் அது போற்றத்தக்கது.

கடலோடு நில்லாமல் கல்லிலும் இவை உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லை வேலன்ட், மோர்லி டேவிசு என்னும் இருவர் 1923 இல் ஆராய்ந்து, மயோசீன் காலத்ததென்று எழுதினர். அக்கல்லில் கிடைக்கும் போராமினிபெரா ஒன்றின் சிறப்புப்பெயர் மலபாரிகா. பம்பாயில் படைமருத்துவராக இருந்த காட்டர் என்பவர், மலையாளக் கரையிற் கிடைத்ததற்கு 1853 இல் இட்ட பெயர் அது. ஒரே உயிரின் ஓடு கொல்லத்துக் கல்லிலும் யாழ்ப்பாணத்துக் கல்லிலும் கிடப்பதால், இரு நிலங்களும் ஒரு காலத்தில் ஒத்த கடலின்கீழ்க் கிடந்தமை புலனாகின்றது. பெயர் இரட்டிப்பு வெறும் ஏட்டுக் குழப்பமன்று என்பதற்கு இதுவே சான்று. பாறையின் வயதையும், எண்ணெய் தேடித் துளைக்கும் கிணற்றின் ஆழ அடுக்கையும் இவ்வோடுகளின் பெயர்களைக் கொண்டே கணிக்கின்றனர். தாயை ஓரினமாகவும் பிள்ளையை வேறினமாகவும் எண்ணினால் கணக்கு என்னாவது?

லிஸ்டருக்குப் பின் வந்தவர்கள் இடைவெளிகளை நிரப்பினர். எல்பிடியத்தைக் கடலிலேயே பின்தொடர்ந்த அமெரிக்கர் மயர்சு, இங்கிலாந்தின் குளிர்ந்த நீரில் ஒரு முழுச் சுற்றுக்கு, அதாவது பாட்டி முதல் பேத்தி வரைக்கும், இரண்டு ஆண்டு செல்கின்றது என்று கண்டார். பிரான்சியர் லெ கல்வே 1950 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் ஆழமானது. நிறமூர்த்தங்கள் பாதியாகும் ஒடுக்கற்பிரிவு, மனிதரிலும் விலங்கிலும் புணரிகள் உண்டாகும்போது நிகழ்வது. போராமினிபெராவிலோ அது நுண்ணறைத் தாய் குஞ்சுகளாகப் பிரியும்போதே நிகழ்ந்துவிடுகின்றது. எனவே பருத்தறைப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் பாதி நிறமூர்த்தங்களுடனேயே வளர்ந்து, உண்டு, ஓடு கட்டி வாழ்கின்றது.

இயற்கை இவ்வளவு ஒழுங்காகவும் நின்றுவிடவில்லை. ஜெர்மனியின் கீல் நகரத்து ரொட்கரும் அவர் மாணவரும் வெப்பக்கடல் இனங்களைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்து, 1990 ஐ அடுத்த ஆண்டுகளில் மூன்றாம் வடிவம் ஒன்றையும் நிலைநாட்டினர். பருத்தறைப் பிள்ளைகளுள் சில புணரிகளை உண்டாக்காமல், தாயைப் போலவே நேரே குஞ்சுகளாகப் பிரிந்து மறுபடியும் பருத்தறைப் பிள்ளைகளையே தருகின்றன. ஓட்டைப் பார்த்தால் இரண்டும் ஒரேபோல் பருத்தறை உள்ளவை. இனம்பெருக்கும் வேளையில்தான் வேற்றுமை வெளிப்படும்.

களப்புச் சேற்றுக்கு உரியது அம்மோனியா என்னும் சாதி. லின்னேயசு பெக்காரியின் பெயரைச் சூட்டியது இச்சாதியிலுள்ள ஓரினத்துக்கே. உவர்ப்பு மிகுந்தாலும் குறைந்தாலும் பொறுக்கும் இயல்புடையது அது. மட்டக்களப்பு வாவி போன்ற நீர்நிலைகளில் அப்பொறுமை இன்றியமையாதது. மாரிகாலத்தில் வெள்ளம் பெருகி முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு கடலிற் பாயும். கோடையில் மணல் வாயை அடைக்க, வெயிலில் நீர் வற்றி உவர்ப்பு ஏறும். இத்தகைய மாற்றங்களை இவ்வுயிர் எவ்வாறு தாங்குகின்றது என்பதை அமெரிக்கர் பிராட்சோ 1957 இலும் 1961 இலும் ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்டினார். உயிரோடு இருக்கக்கூடிய வெப்பநிலை, உவர்ப்பு ஆகியவற்றின் எல்லை மிக அகன்றது. வளரக்கூடிய எல்லை அதனினும் குறுகியது. இனம்பெருக்கக்கூடிய எல்லையோ எல்லாவற்றிலும் குறுகியது. வளரலாம், ஆனால் பெருக முடியாது என்ற நிலையில் அகப்பட்ட உயிர், பிள்ளைகளாகப் பிரியும் வேளை வாராமையால், அறைமேல் அறை கட்டிக்கொண்டே போகும். ஆகவே களப்பு மண்ணில் வழக்கத்தினும் பெரிய ஓடொன்று கிடைத்தால், அது செழிப்பான பருவத்தில் வாழ்ந்த உயிரின் ஓடென்று கொள்ளலாகாது. நீர் இசையாத பருவத்தில், பிள்ளை பெறாமல், நெடுங்காலம் தனித்துக் காத்திருந்த உயிரின் ஓடாகவும் அது இருக்கலாம்.